திரைக்குப் பின்னால் நிற்கும் பேரன்

கேள்வி:

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எனக்கு. 40 வருடமாகக் கூத்து ஆடுகிறேன். முதலில் பெண் வேடம், அப்புறம் துரியோதனன். இப்போது வயதாகிவிட்டதால் பெரும்பாலும் கட்டியக்காரன், கூத்தில் ஜனங்களைச் சிரிக்க வைக்கிற கோமாளி. என் பேரனுக்கு 8 வயது. 4 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். தானாகப் பேசுவது குறைவு. நாம் சொல்வதையே திருப்பிச் சொல்வான். மருமகள் வாரம் இரண்டு நாள் தருமபுரிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறாள்.

வீட்டில் நான் பாடிப் பார்க்கும்போது, கொடியில் காய்கிற வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு நான் பாடின ஒரு வரியை ராகம் தப்பாமல் பாடுவான். வேட்டியை விலக்கினால் நிறுத்திவிடுகிறான். போன வருடம் பாரதக் கூத்துக்குக் கூட்டிப்போனோம். மிருதங்கம் ஓங்கி விழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். வேடத்தில் இருந்த என்னைப் பார்த்து இன்னும் அலறினான். ஊரே திரும்பிப் பார்த்தது.

இப்போது ஒரு மையத்தில் 'நாடக சிகிச்சை' மூன்று மாதம் கொடுத்தால் எல்லாப் பிள்ளை மாதிரியும் பேசுவான், பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள் என்கிறார்கள். 45 ஆயிரம் கேட்கிறார்கள். நாடகம் மருந்தா? மருந்துதான் என்றால் அதை நானே என் பேரனுக்குக் கொடுக்கக் கூடாதா? வருகிற பங்குனியில் எங்கள் ஊர் பாரதத்தில் அவனுக்குக் கிருஷ்ணன் வேடம் கட்டி ஏற்றிவிட்டால் பயமும் தெளியும், ஊர் வாயும் அடையும் என்று நினைக்கிறேன். சரியா?

(நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதியது.)

பதில்:

அய்யா, வணக்கம்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பணம் சம்பந்தப்பட்டதை முதலில் முடித்துவிடுவோம். அந்த 45 ஆயிரத்தைக் கொடுக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

ஆட்டிசம் வந்து போகிற காய்ச்சல் இல்லை. மூளை வளர்கிற விதமே வேறாக இருப்பது. அதனால் மூன்று மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் கையில் இருப்பது நாடகமோ எண்ணெயோ மாத்திரையோ, எழுந்து வந்துவிடுங்கள். மற்ற பயிற்சியை விட்டுவிட்டு எங்களிடம் மட்டும் வாருங்கள் என்றால் அந்தப் படியை இரண்டாம் முறை மிதிக்கவே கூடாது. நாடக சிகிச்சை, பேச்சுப் பயிற்சியோடும் சிறப்பாசிரியர் சொல்லிக்கொடுப்பதோடும் சேர்ந்து நடக்கிற ஒன்று. கிருஷ்ணகிரியில் 17 வருடமாக இந்த வேலை செய்கிறேன். நாடகம் மட்டும் தனியாக நின்று ஒரு பிள்ளையைத் தூக்கி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் பதிவு செய்யாதவர் தன்னை நாடக சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது, சட்டம் தடுக்கிறது. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் போன்றவர்கள் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாடக சிகிச்சையாளர் என்று அதில் தனிப் பிரிவு கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். என் அறையில் மாட்டியிருப்பதும் சிறப்பாசிரியர் சான்றிதழ்தான். நாடகம் அதற்கு மேல் கற்றது. எந்த மையத்துக்குப் போனாலும், பிள்ளையோடு அறைக்குள் இருக்கப்போகிறவர் யார், அவருக்கு எந்தத் துறையில் பதிவு எண் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் அதுவே பதில்.

சரி, நாடகம் மருந்தா? இல்லை. ஆனால் வெறும் பொழுதுபோக்கும் இல்லை. மொரேனோ என்பவர் வியன்னாவில் மாணவராக இருந்த காலத்தில், 1908 வாக்கில், பூங்காவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லி, அவர்களையே நடிக்க விட்டார். பின்னால் மருத்துவராகி, மனம் நொந்தவர்களுக்கு நாடகத்தின் வழியாக உதவும் முறையை உண்டாக்கினார். நம் பக்கத்தில், மதுரையில் நாடகப் பேராசிரியராக இருந்த பரசுராம் ராமமூர்த்தி ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு முகமூடிகளை வைத்து வேலை செய்திருக்கிறார். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பிளைத் கார்பெட் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 8 முதல் 14 வயது வரை ஆட்டிசம் உள்ள 30 பிள்ளைகள். அவர்களில் 17 பேருக்கு 10 அமர்வு நாடகப் பயிற்சி. அந்தப் பிள்ளைகளுக்கு முகங்களை நினைவில் வைப்பதும், மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுவதும் கூடியிருந்தது. 30 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் துணையாக நின்றவர்கள் ஏறக்குறைய அதே வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தெருவுக்கு வரும்போது திரும்பவும் சொல்கிறேன்.

இப்போது வேட்டிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் அதுதான்.

கூத்தில் ஒரு வேடக்காரர் முதன்முதலாகக் களத்துக்கு வரும்போது நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். பின்னாலிருந்து அவர் தன்னைப் பற்றியே பாடுகிறார். குரல் வருகிறது, ஆள் தெரியவில்லை. கீழே கெச்சை (சலங்கை) கட்டின கால் தெரிகிறது, மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது. திரை விலகுவதற்குள் ஜனங்களுக்கு அவர் பழகிவிடுகிறார், அவருக்கும் ஜனங்கள் பழகிவிடுகிறார்கள். இதை உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் உங்கள் பேரனும் இதைத்தான் செய்கிறான் என்பது உங்களுக்குத் தோன்றவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சையும் கவனிப்பது பெரிய பாரம். கண் அசைகிறது, புருவம் ஏறுகிறது, வாய் கோணுகிறது, அதோடு சொல்லும் வருகிறது. எதைப் பிடிப்பது? வேட்டி அந்தப் பாரத்தில் பாதியை இறக்கி வைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது குரல் மட்டும். அவனுக்கு அது போதும். நீங்கள் வேட்டியை விலக்கினதும் நிறுத்திவிடுகிறான் என்று குறைபட்டிருக்கிறீர்கள். அய்யா, நீங்கள் பாதிப் பாட்டில் இருக்கும்போது திரை பிடித்தவர் திரையை இறக்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? விடிந்ததும் சண்டைக்குப் போவீர்கள். அவனுக்குச் சண்டை போடத் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொண்டான்.

ஆகவே முதல் வேலை, அந்த வேட்டியை அவனுக்கே கொடுத்துவிடுவது. இரண்டு ஆணியடித்து அவன் உயரத்துக்குக் கயிறு கட்டுங்கள். அவனாக விலக்கினால்தான் திரை விலக வேண்டும். ஒரு மாதம் விலக்காமலே இருந்தால் ஒரு மாதமும் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது, அவன் திருப்பிச் சொல்வது. வீட்டில் எல்லோரும் அதைக் குறையாகவே நினைக்கிறீர்கள் என்று கடிதத்தின் தொனி சொல்கிறது. "கிளிப்பிள்ளை மாதிரி" என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருப்பார்கள். பேச்சு மொழி ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். பிள்ளைகள் திருப்பிச் சொல்வதில் 'ஆமாம்' இருக்கிறது, 'எனக்கு வேண்டும்' இருக்கிறது, 'கொஞ்சம் பொறு, யோசிக்கிறேன்' கூட இருக்கிறது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா" என்று அவன் சொல்வது, பல நேரம், வேணும் என்பதுதான். உங்கள் களத்தில் பின்பாட்டுக்காரர் என்ன செய்கிறார்? நீங்கள் பாடினதையே திருப்பிப் பாடுகிறார். அவரைக் கிளிப்பிள்ளை என்று யாராவது சொல்வார்களா? அவர் இல்லாவிட்டால் உங்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்குமா? பேரனை உங்கள் பின்பாட்டுக்காரனாக நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். கொஞ்ச நாள் போனதும் நீங்கள் அவனுக்குப் பின்பாட்டுப் பாடுங்கள். அவன் என்ன சத்தம் போட்டாலும் சரி, "ம்ம்ம்" என்றாலும் "டக்கு டக்கு" என்றாலும், அதை அப்படியே வாங்கித் திருப்பிக் கொடுங்கள். தான் சொன்னதை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிகிற நேரம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சில நாள் தோன்றும்.

நீங்கள் அவசரப்படப்போகிற இடம் அடுத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த சூ ஜென்னிங்ஸ், பிள்ளைகளின் நாடக விளையாட்டு மூன்று படியாக வளர்கிறது என்று சொன்னார். முதலில் உடம்பு: ஆடுவது, உருளுவது, தொடுவது, சத்தம் போடுவது. அப்புறம் பொருள்: மண், பொம்மை, கல், குச்சி இவற்றுக்கு உயிர் கொடுத்துப் பேச வைப்பது. கடைசியில்தான் வேடம்: நானே இன்னொருவனாக ஆவது. பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயதுக்குள் இந்த மூன்றையும் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் பேரனுக்கு 8 ஆகிறது, ஆகவே நேராகக் கிருஷ்ணன் வேடத்துக்குப் போய்விடலாம் என்பது உங்கள் கணக்கு. வயது 8, விளையாட்டு இன்னும் முதல் படியிலும் இரண்டாம் படியிலும் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படியைத் தாண்டிக் குதிக்க வைத்தால்தான் விழுவான்.

உடம்பு என்றால் என்ன செய்வது? உங்களுக்கு அடவு, அதாவது ஆட்டத்தின் கால் அசைவுகள், தெரியும். ஒரே ஒரு அடவை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக, கெச்சை இல்லாமல், முற்றத்தில். அவன் கையைப் பிடித்து இழுத்து ஆட்ட வேண்டாம். நீங்கள் பாட்டுக்கு ஆடுங்கள், அவன் பாட்டுக்குச் சுற்றட்டும். அவன் சுற்றுகிறான் என்றால் நீங்களும் அவன் சுற்றுகிற பக்கமே சுற்றுங்கள். மிருதங்கத்தைப் பொறுத்தவரை, முதலில் அது அவன் கையில் இருக்க வேண்டும். தான் தட்டுகிற சத்தம் யாரையும் அவ்வளவு பயமுறுத்தாது. அடுத்தவர் எப்போது தட்டுவார் என்று தெரியாததில்தான் பாதிப் பயம். தோலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளச் சொல்லி, மறுபக்கம் நீங்கள் ஒரு விரலால் தட்டுங்கள். அந்த அதிர்வு அவனுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஆர்மோனியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். (காது கேளாத பிள்ளைகளுக்கும் நான் இதே மிருதங்கத்தைத்தான் கொடுப்பேன். அவர்கள் கன்னத்தை வைத்துக் கேட்பார்கள்.)

பொருளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மாம்பழக் காலம் முடிந்ததும் மாங்கொட்டையைக் கழுவிக் காய வையுங்கள். நார் முடி மாதிரி நிற்கும், சீப்பால் வாரிக்கூட விடலாம். கரியால் கண் வரைந்தால் ஆள் தயார். என் அறையில் ஒரு கூடை நிறைய மாங்கொட்டை ஆட்கள் இருக்கிறார்கள்; தாத்தா, போலீஸ், கண்டக்டர், பல் வலிக்காரர். கடையில் வாங்கின பொம்மையைத் தூக்கி எறிந்த பிள்ளைகள் இதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ஏன் என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை, நாரைத் தடவ நன்றாக இருக்கிறது போல. புளியங்கொட்டையை வைத்துப் படை அமைக்கலாம், கௌரவர் நூறு பேர், பாண்டவர் ஐந்து பேர். உங்கள் பேரனுக்கு வரிசையாக அடுக்குவது பிடித்தால் அடுக்கட்டும், கலைக்காதீர்கள். அடுக்கின வரிசையின் கடைசிக் கொட்டைக்கு நீங்கள் மெல்லக் குரல் கொடுங்கள்: "நான் இங்கேயே நிக்கட்டுமா?" அவ்வளவுதான். பதில் வர வேண்டும் என்று இல்லை.

இங்கேதான் நீங்கள் 40 வருடப் பழக்கத்தோடு மோத வேண்டியிருக்கும். கட்டியக்காரனுக்குக் களத்தில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் தாங்காது. ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவார். பேரனிடம் அதைச் செய்யாதீர்கள். ஒன்று சொன்னால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவனுக்குச் சொல் காதில் விழுந்து, உள்ளே போய், திரும்பி வர நேரம் ஆகும். நாம் மூன்றாவது நொடியில் அடுத்த கேள்வியைப் போட்டால், அவன் முதல் கேள்விக்குத் தேடிக்கொண்டிருந்த பதிலும் போய்விடும். கேள்விகளையே குறைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பதில் கட்டியக்காரனின் இன்னொரு வித்தையை எடுங்கள்: தப்பாகச் சொல்வது. சொம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு "என் கிரீடம் எப்படி?" என்று நில்லுங்கள். செருப்பைக் காதில் வைத்து "அலோ" சொல்லுங்கள். பெரியவர் தப்புச் செய்தால் திருத்தாமல் இருக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. "சொம்பு" என்று ஒரு சொல் வந்தால் அன்றைக்கு அது போதும்.

நேரம், கால் மணி. தினமும் ஒரே நேரம், ஒரே இடம். நீங்கள் களத்தில் பிள்ளையார் பாட்டோடு தொடங்கி மங்களம் பாடி முடிப்பதுபோல, இதற்கும் ஒரு தொடக்கப் பாட்டும் ஒரு முடிவுப் பாட்டும் வேண்டும். தினமும் அதே பாட்டு. எங்கள் தொழிலிலும் இதை விடாப்பிடியாகச் செய்கிறோம்; எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று தெரிந்த பிள்ளைக்கு நடுவில் வருகிற புதுமை பயம் தராது. அவன் நிறுத்த நினைத்தால் காட்ட ஒரு சைகையும் முதல் நாளே வேண்டும். உள்ளங்கையை நீட்டினால் நிறுத்தம். அவன் காட்டினால் நீங்கள் அந்த நொடியே, பாட்டு நடுவில் இருந்தாலும், சிலையாக நிற்க வேண்டும். ஒரு வாரம் அதை வைத்தே உங்களைப் படுத்தி எடுப்பான். எடுக்கட்டும். தாத்தாவை நிறுத்த முடிகிறது என்பது அவனுக்குக் கிடைத்திருக்கும் முதல் அதிகாரமாக இருக்கலாம்.

அந்தக் கால் மணி நேரம் மருமகள் பக்கத்தில் உட்கார வேண்டாம். வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி இறங்குகிறவர். அவர் போய் ஒரு டீ குடிக்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை, அதிகம் வேண்டாம், மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வில் சொன்ன துணைப் பிள்ளைகள் இவர்கள்தான். அவர்களுக்குத் தனியாக உட்கார வைத்து மூன்று விஷயம் சொல்லுங்கள்: கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, திருப்பிச் சொன்னால் சிரிக்கக் கூடாது, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள், அதுவும் கூத்துக்காரத் தாத்தா சொன்னால் கேட்காமலா இருப்பார்கள்.

இனி மேடை. இந்தப் பங்குனிக்கு வேண்டாம்.

என் கதை ஒன்று சொல்கிறேன். வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. என் பிள்ளைகள் ஆறு பேரை வைத்துக் காட்டு விலங்குகள் நாடகம் போட்டேன். அறைக்குள் புலியாக அவ்வளவு பிரமாதமாக உறுமுவான் ஒரு பையன். விழாவில் விளக்கு, ஒலிபெருக்கி, 400 பேர். மேடை ஏறின நொடியே மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். டவுசர் நனைந்துவிட்டது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கைதட்டல் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டது அவன் இல்லை, நான். அதற்கப்புறம் ஏழு மாதம் அவன் புலி ஆகவே இல்லை. மூலையில் கிடந்த புலி வாலைத் தொடக்கூட இல்லை. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஊர் வாயும் அடையும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு வேண்டியது. நியாயமான ஆசைதான், போன வருடம் அந்தக் கூட்டத்தின் நடுவில் நீங்கள் வேடத்தோடு நின்றிருப்பீர்கள், பேரன் கத்தியிருப்பான், ஆட்டத்தை விட்டு வரவும் முடிந்திருக்காது. ஆனால் அந்தக் கணக்கை அவன் தலையில் கிரீடமாக வைக்க முடியாது.

மேடை என்றைக்குமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காவேரிப்பட்டணம் பக்கத்துச் சிறுமி ஒருத்தி, மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. பாரதக் கதை விளையாடினோம். நாற்காலிதான் தேர், நீ அர்ச்சுனன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வார்த்தையை ஒவ்வொன்றாக இழுத்துச் சொன்னாள்: "நான் கிருஷ்ணன். வண்டி என்னுது. நான்தான் ஓட்டுவேன்." எனக்குத் தோன்றாத வேடம் அது. ஒரு வருடம் கழித்து ஒன்பது பேர் முன்னால், பகல் வெளிச்சத்தில், மைக் இல்லாமல் செய்து காட்டினாள். அவளாகக் கேட்ட பிறகு. உங்கள் பேரனும் கேட்பான், அல்லது கேட்காமலே இருப்பான். இரண்டும் சரிதான்.

வேடம் பற்றி ஒரு எச்சரிக்கை. அரிதாரம் என்ற சொல்லே ஆர்சனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். இப்போது நீங்கள் பூசுவது வேறு பூச்சாக இருக்கலாம். ஆனாலும் கையை வாயில் வைக்கிற பிள்ளையின் முகத்தில் எதையும் பூச வேண்டாம். பல பிள்ளைகளுக்கு முகத்தில் ஈரமாக ஏதாவது பட்டாலே தாங்காது. ஒரு துண்டு, ஒரு மயில் இறகு, அவ்வளவு போதும் கிருஷ்ணனுக்கு. அதையும் அவன் கையில் பிடித்துக்கொள்ளட்டும், தலையில் வைப்பது அவன் இஷ்டம்.

இன்னொன்று கேட்க வேண்டும்: அவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு அது உண்டு, தூக்கம் கெட்டால் அது தூண்டப்படலாம். விடிய விடியக் கூத்தில் உட்கார வைப்பது அதனாலேயே எனக்குச் சம்மதமில்லை. வந்திருந்தாலோ, வெறித்துப் பார்த்துக்கொண்டு சில நொடி நின்றுவிடுகிறான் என்றாலோ, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட அளவில் தனி மையம் இருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் இந்தக் கால் மணி நேர விளையாட்டைச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியில் அந்த வாரம் எந்தச் சொல்லைப் பழக்குகிறார்கள் என்று மருமகளிடம் கேட்டு, அந்தச் சொல்லை உங்கள் பாட்டுக்குள் நுழைத்துவிடுங்கள். இட்டுக் கட்டிப் பாடுவது உங்களுக்குக் கைவந்த கலை.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒரு விஷயம். கட்டியக்காரன் நக்கலில் நொண்டி, செவிடு, லூசு எல்லாம் வரும். ஜனங்களும் சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் மருமகளும் உட்கார்ந்திருக்கிறார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை என்று சொல்கிறது. சட்டத்துக்காகச் சொல்லவில்லை. ஊர் வாய் அடைய வேண்டும் என்றால் தொடங்க வேண்டிய இடம், ஊரைச் சிரிக்க வைக்கிற உங்கள் வாய்தான். உங்களிடம் வேறு நக்கல் இல்லாமலா போய்விடும்?

பங்குனிக் கூத்தை அவன் பார்க்கவே கூடாதா என்றால், பார்க்கலாம், வேறு வாசல் வழியாக. சாயங்காலம், மேளம் தொடங்குவதற்கு முன், வேடம் கட்டுகிற கொட்டகைக்குக் கூட்டிப்போங்கள். போன வருடம் அவன் அலறியதற்கு ஒரு காரணம், தாத்தா காணாமல் போய் அந்த இடத்தில் வேறு யாரோ வந்து நின்றது. இந்த முறை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை அவன் பார்க்கட்டும். வெறும் முகம், ஒரு கன்னம் பூசின முகம், இரண்டு கன்னம், மீசை. நடுநடுவே உங்கள் சாதாரணக் குரலில் அவனிடம் பேசுங்கள். கிரீடத்தைத் தொடட்டும். மேளம் தொடங்கும் முன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், போய்த் தூங்கட்டும். காலையில் வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டு வேடத்தைக் கலைப்பீர்கள் அல்லவா, அப்போது அவனைக் கூப்பிடுங்கள். எங்கள் தொழிலில் வேடம் போடுவதைவிட அதைக் கழற்றுவதற்கு அதிக நேரம் கொடுப்போம். போன ஆள் திரும்பி வந்துவிட்டார் என்பது பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். துணியை அவன் கையில் கொடுங்கள். ஒரு கன்னத்தை அவன் துடைக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் எழுத மறந்தது ஒன்று. வேட்டிக்குப் பின்னால் நின்று ஒரு வரியை ராகம் தப்பாமல் பாடுகிறான் என்கிறீர்கள். நீங்கள் எத்தனையோ வரி பாடியிருப்பீர்கள். அவன் எடுத்துக்கொண்டது எந்த வரி? அழுகைப் பாட்டா, சண்டைப் பாட்டா, யாராவது யாரையாவது கூப்பிடுகிற வரியா? நாளைக்குச் சாயங்காலம் கவனித்துவிட்டு மருமகளிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள். அதைத்தான் தொடக்கப் பாட்டாக வைக்கப்போகிறோம்.